யாருக்கு இந்தச் சிவப்பு?

ஓர் உயிர் தன் உடம்பில் சுமக்கிற அழகை அந்த உயிராலேயே காண முடியாது என்றால், அந்த அழகு யாருக்கு? சில வருடங்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கேள்வி இது. ஏட்டில் படித்து வந்ததல்ல. கடலுக்கடியில் ஓடில்லாத நத்தைகளைத் தேடிப் படம் எடுக்கப் போனேன். அங்கிருந்து என்னோடு கரையேறி வந்தது.

நூடிபிராங்க் என்பது அவற்றுக்கு உலகம் முழுவதும் வழங்குகிற பெயர். நத்தைக் குலம்தான், முதுகில் ஓடு மட்டும் இல்லை. 3,000க்கும் மேற்பட்ட வகைகளை விஞ்ஞானிகள் பெயரிட்டுப் பதிந்திருக்கிறார்கள். பெரும்பாலானவை என் சுண்டுவிரல் நீளத்தைத் தாண்டாதவை. சில ஐந்து மில்லிமீற்றர்தான் வரும். கரும்பச்சையில் மஞ்சள் கோடு, பால்வெள்ளையில் ஊதா விளிம்பு, செம்மஞ்சள் உடம்பில் நீலப் புள்ளி என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அந்த நிறங்களுக்கு நடுவே, தலைத் தோலுக்குள் புதைந்து, இரண்டு கரும்பொட்டுகள். அவைதான் கண்கள். வெளிச்சம் எது, இருட்டு எது என்று பிரித்தறிய அவை போதும். உருவத்தை அறியப் போதாது. நிறத்தை அறியப் போதாது. தன் துணை என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது. தான் என்ன நிறம் என்றும் தெரியாது. பல வகைகளுக்கு ஆயுள் ஒரு வருடத்துக்கு உட்பட்டது. அந்த வாழ்வு முழுவதும் தன் மேல் கிடக்கிற நிறத்தைப் பற்றி எதுவும் அறியாமலே ஊர்ந்து, தின்று, முட்டையிட்டு, இறந்துபோகிறது.

அம்மா இதே விஷயத்தை வேறு விதமாகக் கேட்டார். "உதைத் தேடி உவ்வளவு குளிருக்குள்ள ஏன் பிள்ளை இறங்குறாய்? கோயிலுக்கு வந்தா கதவைத் திறந்து காட்டுவினம்தானே." சிட்னியில் உள்ள மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவர் அவர். குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். நான் தேடிக்கொண்டிருந்த விடையின் ஒரு நுனி அந்தக் கேள்வியிலேயே இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் இறங்குகிற இடம் நெல்சன் பே. சிட்னியில் இருந்து வடக்கே சுமார் 200 கிலோமீற்றர். வொரிமி ஆதிக்குடிகளின் நிலமான போர்ட் ஸ்டீபன்ஸ் குடாவின் தென்கரையில் உள்ள சிற்றூர். படகு வேண்டியதில்லை. ஃப்ளை பொயின்ட் என்ற முனையில் காரை நிறுத்தி, புல்தரையில் நின்று ரப்பர் உடுப்பை மாட்டி, சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தே கடலுக்குள் போய்விடலாம். இந்த முனையையும் பக்கத்தில் உள்ள ஹலிஃபாக்ஸ் பார்க்கையும் சேர்த்து 1983இல் நீர்வாழ் உயிர்களுக்கான காப்பிடமாக அறிவித்தார்கள். இப்போது அது கடற்பூங்காவுக்குள், எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாத வலயம். அதனாலோ என்னவோ, கரையில் இருந்து சில நிமிடம் நீந்தினாலே மஞ்சளும் செம்மஞ்சளும் சாம்பலுமாகக் கடற்பஞ்சுகள் நிறைந்த சரிவு வந்துவிடும்.

இறங்குகிற நேரம் மட்டும் எங்கள் விருப்பத்தில் இல்லை. குடாவுக்குள் ஏறுகிற நீரும் வற்றுகிற நீரும் அந்த முனையை உரசிக்கொண்டு பெருவேகத்தில் ஓடும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குவதற்கு முன் கடல் சற்று நேரம் அசையாமல் நிற்கும். திறந்த கடலில் இருந்து வந்த தெளிந்த நீர் அப்போது நிறைந்திருக்கும். அந்த இடைவெளிதான் எங்களுக்கு. அது விடியற்காலையில் வந்தால் விடியற்காலையில் போகவேண்டும். இரவில் வந்தால் இரவில். பிந்தினால் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பிறகு நத்தையும் இல்லை, படமும் இல்லை.

தேடும் முறையை எனக்குக் கற்றுத் தந்தவர் அந்த ஊரில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். என்னோடு கூட நீந்தும் துணையும் அவர்தான். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், ஆனால் ஒரு பாறைக்கு முன்னால் அவர் காட்டுகிற பொறுமையை நான் எந்தச் சன்னிதியிலும் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். "நூடியைத் தேடாதே, அதன் சாப்பாட்டைத் தேடு" என்பது அவர் தந்த முதல் பாடம். ஒரு வகை ஒரு குறிப்பிட்ட கடற்பஞ்சை மட்டுமே தின்னும். இன்னொன்று சிறு மரம்போல் கிளைவிட்டு நிற்கும் ஹைட்ராய்டுகளைத் தின்னும். வேறொன்று மற்ற நத்தைகளின் முட்டைகளையே தின்று வாழும். ஆகவே முதலில் கடற்பஞ்சுகளின் முகம் பழகவேண்டும். எதில் கடித்த தழும்பு இருக்கிறது, எதன் அடியில் ரிப்பன் போலச் சுருள் சுருளாக முட்டைத்தொகுதி ஒட்டியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். முட்டைச் சுருள் கண்ணில் பட்டால், இட்டது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு கட்டில் அளவு பாறையை விட்டு நகராமலே ஒரு சிலிண்டர் காற்றையும் செலவழித்துவிடலாம். வேகமாக நீந்துகிறவர் கண்ணுக்கு அந்தச் சரிவில் எதுவும் இருக்காது.

ஒன்றைக் கிட்டப் போய்க் காட்டுகிறேன். கோனியோபிராங்கஸ் ஸ்ப்ளெண்டிடஸ் என்பது அதன் பெயர். 1864இல் ஜோர்ஜ் ஃப்ரெஞ்ச் ஆங்கஸ் என்பவர் முதன்முதலில் விவரித்து எழுதினார். அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கே உரியது. பத்து மீற்றர் ஆழத்தில், ஒரு கடற்பஞ்சின் தோளில் அது கிடக்கும். விளக்கை ஏற்றாமல் பார்த்தால் வெளிறிய உடம்பில் கருமையான சில கறைகள், சுற்றிவர ஒரு மங்கலான விளிம்பு. அவ்வளவுதான். கடல்நீர் முதலில் உறிஞ்சிக்கொள்வது சிவப்பு ஒளியை. சில மீற்றருக்குள்ளேயே அதன் பெரும்பங்கு போய்விடும். ஆகவே அந்த ஆழத்தில் சிவப்பு என்ற ஒன்று நடைமுறையில் இல்லை. விளக்கின் பொத்தானை அழுத்துவேன். கறைகள் எல்லாம் ஒரே கணத்தில் குங்குமச் சிவப்பாகும். விளிம்பு தங்கமஞ்சளாகும். தலையில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கொம்புகளும் சிவப்பு. பின்பக்கம் பூப்போல விரிந்து நிற்கும் செவுள்களும் சிவப்பு, ஒவ்வொரு இழையிலும் வெள்ளை நரம்பு ஓடியிருக்கும். கமராவின் திரையில் பெரிதாக்கினால் அந்தக் கொம்புகள் வழுவழுப்பான கோல்கள் அல்ல என்று தெரியும்; மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சுற்றிவர வைத்தவை. நீரில் கரைந்து வருகிற மணத்தை அந்த அடுக்குகளில்தான் அது பிடிக்கிறது. உணவை, துணையை, ஆபத்தை எல்லாம் அறிவது அவற்றால்தான். அதனால் படம் எடுப்பவர்கள் அதன் கண்ணில் குவியம் வைப்பதில்லை, கொம்பில் வைப்போம். கொம்பு துல்லியமாக விழுந்தால்தான் அந்த உயிர் படத்தில் விழித்திருக்கும்.

அந்தச் சிவப்பைக் கண்டபோதெல்லாம் என்னை உலுக்குவது இதுதான். நான் விளக்கைக் கொண்டு வருவதற்கு முன் இந்த இடத்தில் இந்தச் சிவப்பை எந்தக் கண்ணும் கண்டிருக்காது. விளக்கை அணைத்தால் மறுபடியும் யாரும் காணமாட்டார்கள். அப்படியானால் நான் காண்பதற்கு முன் அது இருந்ததா?

விஞ்ஞானம் சொல்வதை முதலில் கேட்கவேண்டும். நூடிபிராங்க் பிறக்கும்போது ஓடில்லாமல் பிறப்பதில்லை. முட்டையில் இருந்து வரும் நுண்ணிய குஞ்சுக்குச் சுருண்ட ஓடு உண்டு, ஓட்டின் வாயை மூட மூடியும் உண்டு. நீரில் மிதந்து திரிந்து, தன் உணவு இருக்கும் இடத்தில் தரைதட்டி உருமாறும்போது அந்த ஓட்டைக் கழற்றிவிடுகிறது. அதன்பின் காவல் என்ன? தான் தின்னும் கடற்பஞ்சில் உள்ள கசப்பையும் நஞ்சையும் தன் தோலுக்குள் சேர்த்துவைக்கிறது. ஹைட்ராய்டைத் தின்னும் வகைகள் இரையின் கொட்டும் செல்களை வெடிக்காமல் விழுங்கி, தம் முதுகில் உள்ள விரல்போன்ற முனைகளில் ஆயுதமாக நிறுத்திக்கொள்கின்றன. நிறம் என்பது அந்த நஞ்சின் அறிவிப்பு. ஒருமுறை கடித்துத் துப்பிய மீன் அந்த நிறத்தை மறப்பதில்லை.

இதிலே ஒரு சுவையான சிக்கல் இருக்கிறது. இந்தக் கரையில் வெவ்வேறு நூடிபிராங்க் வகைகள் பல, நெருங்கிய உறவு இல்லாதவைகூட, வெளிறிய உடம்பும் சிவப்புப் புள்ளியுமாக ஒரே சாயலில் இருக்கின்றன. ஸ்ப்ளெண்டிடஸ் ஒன்று, நீலம் பாய்ந்த ஹிப்செலோடோரிஸ் பென்னெட்டி இன்னொன்று. எச்சரிக்கையைப் பொதுவாக வைத்துக்கொண்டால் மீன்கள் விரைவாகக் கற்றுக்கொள்ளும், அதனால் எல்லாவற்றுக்கும் நன்மை என்று சிட்னி அவுஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பில் ரட்மன் 1991இல் விளக்கினார். பின்னர் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்ப்ளெண்டிடஸின் கோலத்தை உறுப்புறுப்பாகப் பிரித்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள். கிளாத்தி இன மீன்களைப் பழக்கிச் சோதித்தபோது, அவை பிடித்துக்கொண்டது மஞ்சள் விளிம்பை. சிவப்புப் புள்ளிகளை அவை பொருட்படுத்தவில்லை. நத்தைகளிலும் அதற்கேற்ற வேறுபாடு இருந்தது: மஞ்சள் விளிம்பு பெரிதாக மாறாமல் இருக்கிறது, சிவப்புப் புள்ளிகளோ ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் மாறுகின்றன. ஒன்றில் சிறு பொட்டுகள், இன்னொன்றில் இணைந்து பரந்த திட்டுகள். என் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கே அது தெரிகிறது. விளிம்பை வைத்து இரண்டைப் பிரித்தறிய முடியாது. புள்ளியை வைத்துப் பிரித்தறியலாம்.

பயனுக்கு உரிய பகுதி கட்டுக்குள் நிற்கிறது. பயன் குறைந்த பகுதி தன் பாட்டுக்கு விரிகிறது. விஞ்ஞானம் இதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது, நிறுத்திக்கொள்வதும் சரி. மேலே கேட்பது என்னைப் போன்றவர்களின் வேலை.

நான் யாழ்ப்பாணத்தில் சைவ வீட்டில் வளர்ந்தவள். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையை மனப்பாடம் செய்துதான் எழுத்தே உறுதியானது. ஐயாவுக்குச் சைவ சித்தாந்த சாத்திரங்களில் நல்ல பழக்கம். மாலையில் விறாந்தையில் இருந்து அவர் சொல்லிக்கேட்ட சில இடங்கள் இன்றைக்கும் பிடித்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம். கண் தானாகக் காணாது. உயிர் கண்ணோடு கூடி நின்று, அதற்குக் காட்டி, தானும் கண்டால்தான் கண் காணும். அதேபோல உயிரும் தானாகக் காணாது; இறைவன் அதனோடு கூடி நின்று காட்டவும் காணவும் வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சாத்திரம் இதை அழைக்கும்.

சின்ன வயதில் இதை ஐயா விளக்கியது மூலஸ்தானத்தை வைத்துத்தான். திரை விலகினாலும் உள்ளே இருட்டு. தீபம் உயர்ந்தால்தான் முகம் தெரியும். "தீபம் சுவாமிக்கில்லைப் பிள்ளை, எங்களுக்கு. அவர் இருட்டுக்குள்ளயும் இருக்கிறார்தானே." அம்மா கேட்ட கேள்விக்கும் இதுவே எனக்குப் பதிலாக வந்தது. கோயிலில் கதவைத் திறந்து காட்டுகிறார்கள் என்பது உண்மை. திறப்பதற்கு முன்னும் உள்ளே இருந்தது என்பதையும் அந்தக் கோயில்தான் எனக்குச் சொன்னது.

ஆகவே, நான் காண்பதற்கு முன் அந்தச் சிவப்பு இருந்ததா என்ற கேள்விக்கு என் மரபின் விடை தெளிவு. இருந்தது. இல்லாதது தோன்றாது, காரணத்தில் மறைந்து கிடப்பதே காரியமாக வெளிப்படும் என்கிற சற்காரியவாதம் சித்தாந்தத்தின் அடிப்படைகளில் ஒன்று. காண்பவன் மனத்தில்தான் உலகம் இருக்கிறது, காட்சிக்கு வெளியே பொருள் இல்லை என்று சொல்லும் தரிசனங்கள் உண்டு. கரையில் நின்று அவற்றோடு வாதாடுவது கடினம். நீருக்கடியில் எனக்கு அது கடினமாக இருக்கவில்லை. நான் விளக்கைப் பிடிக்கும்போது எதையும் உண்டாக்கவில்லை. அந்த நிறமி அந்தத் தோலில், அது தரைதட்டி வளர்ந்த நாள் தொட்டு, யாரும் பாராமல் இருந்தது. என் விளக்கு அங்கே ஒரு திரையை விலக்கியது, அவ்வளவே. காண்பவர் இல்லாததால் அழகு குறைந்துவிடாது. காண்பவர் வந்ததால் கூடிவிடுவதும் இல்லை.

இருந்தது சரி. யாருக்கு இருந்தது? இங்கேதான் எனக்கு நீண்ட காலம் வழி தெரியவில்லை.

மனிதர் கண்டு மகிழவே கடவுள் இவற்றைப் படைத்தார் என்று சொல்லிவிடுவது எளிது. என்னால் அதை ஏற்க முடியாது. மனிதர் முகமூடி போட்டுக் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கத் தொடங்கி நூறு வருடம்கூடச் சரியாக ஆகவில்லை. நூடிபிராங்குகள் அதற்கு முன் எண்ணிலடங்காத தலைமுறைகள் வாழ்ந்துவிட்டன. எங்கள் வருகைக்காகக் காத்திருந்த நிறம் அல்ல அது.

சித்தாந்தம் அப்படிச் சொல்லவும் இல்லை. உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி, அதாவது தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் உயிர்களுக்குக் கொடுக்கிறான் என்கிறது. உயிர்களுக்கு, மனிதருக்கு மட்டும் அல்ல. இந்த நத்தைக்கு உள்ள உடம்பு இந்த நத்தையின் உயிருக்காகத் தரப்பட்டது. சரி, அந்த உயிருக்கு என்ன கருவிகள்? தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறபோது நத்தையை ஈரறிவுக்குள் வைக்கிறது. தொடுகை ஒன்று, சுவை இன்னொன்று. கண்ணறிவு நண்டுக்கும் தும்பிக்கும்தான் வருகிறது. இவ்வளவு பழைய ஒரு பகுப்பு, இன்றைய விலங்கியல் வந்து சேர்கிற இடத்துக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று நான் வியந்திருக்கிறேன். கொம்பால் மணம் அறிகிறதே என்று கேட்கலாம். நீருக்குள் கரைந்து வருவதை அறிவதில் மணம் எது, சுவை எது என்று பிரிப்பது எப்படியும் கடினம். ஆகவே இந்த உயிரின் போகத்தில் தொடுகையும் சுவையும் உண்டு, நிறம் இல்லை. தன் உடம்பில் உள்ள மிகப் பெரிய செல்வம் அதன் அனுபவக் கணக்கில் சேரவே இல்லை.

ஆனால் அந்தச் செல்வம் அதற்கு வேலை செய்கிறது. இதை நான் கவனித்தபோதுதான் ஏதோ திறந்தது. மீன் ஒன்று வருகிறது. நத்தைக்கு மீன் தெரியாது. மீன் மஞ்சள் விளிம்பைப் பார்த்துவிட்டு விலகிப்போகிறது. நத்தைக்கு அதுவும் தெரியாது. தான் காணாத ஒரு நிறத்தால், தான் காணாத ஒரு பகையிடமிருந்து, தான் காக்கப்பட்டதே தெரியாமல், அது கடற்பஞ்சைத் தின்றுகொண்டிருக்கிறது. திரோதான சக்தி என்று சித்தாந்தம் ஒன்றைச் சொல்லும். மறைப்பாற்றல். தன்னை மறைத்துக்கொண்டு, உயிருக்குத் தெரியாமலே அதனோடு நின்று, அதைப் பக்குவத்துக்கு நடத்துகிற அருள். பாடமாக அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குக் கண்ணால் காட்டியது ஃப்ளை பொயின்ட் சரிவில் ஐந்து சென்ரிமீற்றர் நீளமான ஓர் உயிர்.

அங்கேயே இன்னொரு நூடிபிராங்கும் உண்டு. டெராயோலிடியா இயந்தினா. ஊதாவும் நீலமுமாக, முதுகு முழுக்க விரல்போன்ற நீட்சிகளோடு நெளிந்து கிடக்கும். அது தன் உடம்புக்குள் நுண்பாசிகளைக் குடியிருத்தி வைத்திருக்கிறது. பாசிகள் வெயிலைப் பிடித்து உணவு சமைக்கின்றன; அதில் ஒரு பங்கு அதற்கும். ஒளியில் எதையும் காணமாட்டாத ஓர் உயிர் ஒளியை உண்டு வாழ்கிறது. இதற்குப் பிறகு, காணாததை நம்பி வாழ முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குத் தயக்கமில்லாமல் மறுக்க முடிகிறது.

இத்தனைக்கும் பிறகு சிவப்புப் புள்ளி மீதி நிற்கிறது. மஞ்சள் விளிம்பு காவல். சிவப்பு? மீன் பொருட்படுத்தாதது, நத்தை காணாதது, அந்த ஆழத்தின் ஒளியே தொடாதது. இறைவன் உலகத்தைத் தோற்றுவிப்பது எதற்காக என்ற கேள்விக்கு அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் சொல்லும் விடையில் இரண்டு கூறுகள் உண்டு. அது அவனுடைய விளையாட்டு என்று சொல்லவும் ஆகும் என்கிறார். உயிர்களுக்கு அருள்செய்து மலம் என்னும் பிணிப்பில் இருந்து எடுக்கவே என்றும் சொல்கிறார். பின்னதுதான் எங்கள் சமயத்தின் உயிர்நாடி. ஆனாலும் முன்னதை அவர் தள்ளிவிடவில்லை, இடம் வைத்திருக்கிறார். அந்த இடம் எதற்கு என்று எனக்கு முன்பு விளங்கியதில்லை. இப்போது நான் இப்படி எண்ணுகிறேன்: மஞ்சள் விளிம்பு அருள், சிவப்பு விளையாட்டு. இரண்டும் ஒரே தோலில். சாத்திரம் இதைச் சொல்லவில்லை, இது என் துணிபு; பொறுப்பும் என்னுடையது. பயன் ஒன்று இல்லாமல் எதுவும் இருக்க உரிமையில்லை என்று கணக்குப் பார்க்கிற காலம் இது. படிப்புக்குப் பயன், நட்புக்குப் பயன், பிரார்த்தனைக்கும் பயன். எவருக்கும் வேண்டாத அந்தச் சிவப்பு எந்தக் கணக்கிலும் அடங்காமல் இருக்கிறது. அது இருப்பதே எனக்கு இறைவனைப் பற்றிய பெரிய சாட்சி.

கோயிலில் நாம் காண்பது பாதி, காணப்படுவது பாதி. அவன் கண் எம்மேல் படவேண்டும் என்றுதான் முண்டியடித்து முன்னால் போகிறோம். நத்தை திரும்பிப் பார்க்காது. எவ்வளவு நேரம் முன்னால் கிடந்தாலும் நான் வந்ததை அறியாது. என் அன்பு அதற்கு எட்டாது. என் வியப்பால் அதற்கு ஒரு கவளம் கூடாது. எனக்கும் அதனிடம் கேட்க எதுவும் இல்லை. வேண்டுதல் ஒன்றுமில்லாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று நான் பழகியது அங்கேதான். இப்போது அந்தப் பழக்கத்தோடு அம்மாவுடன் கோயிலுக்குப் போகிறேன். முன்னரைவிட நல்ல தரிசனமாக இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டுக் கமராவைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. படம் எடுக்கிறவர் கையில் ஆசை இருக்கிறது. நத்தை ஒரு பொந்துக்குள் தலையை வைத்திருக்கும், கொம்பு தெரியாது. ஒரு குச்சியால் மெல்லத் திருப்பினால் போதும், நல்ல படம். வடிவான பின்னணிக்காக ஒரு கடற்பஞ்சில் இருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். தன் உணவில் இருந்து ஒரு முழம் தள்ளி வைக்கப்பட்ட நத்தைக்கு அந்த ஒரு முழம் எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பார்க்கவேண்டும். தொட்டவுடன் செவுளையும் கொம்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அது மூச்சையும் மணத்தையும் சேர்த்து அடைத்துக்கொள்கிறது.

தொட்டதை அது மறந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். நூடிபிராங்குகளின் உறவான கடல்முயல் என்னும் அப்லிசியாவை வைத்துத்தான் எரிக் கண்டெல் நினைவு எப்படி நரம்பில் பதிகிறது என்று ஆராய்ந்தார். அதன் நரம்பணுக்கள் ஏறக்குறைய இருபதாயிரம் மட்டுமே. மெல்லத் தொட்டால் செவுளை இழுக்கும். தொடர்ந்து தொட்டால் ஆபத்தில்லை என்று கற்று இழுப்பதைக் குறைக்கும். வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால் அதன்பின் சின்னத் தொடுகைக்கும் பதறும். அதிர்ச்சிகளைப் பல நாள் மீண்டும் மீண்டும் கொடுத்தால் அந்தப் பதற்றம் வாரக்கணக்கில் நிற்கும். இந்த வேலைக்காக 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரறிவு என்று நாம் எண்ணுகிற அந்த இரண்டுக்குள் இவ்வளவு இருக்கிறது. என் முகமும் என் விளக்கும் என் வியப்பும் நுழைய முடியாத அந்த உலகத்துக்குள் நான் நுழையக்கூடிய வாசல் ஒன்றே ஒன்று: தொடுகை. அந்த வாசலைத்தான் நான் தட்டக்கூடாது. கொம்பு தெரியாவிட்டால் படம் இல்லை என்று திரும்பிவிடவேண்டும். மணலைக் கிளறாமல், எதிலும் முழங்கால் ஊன்றாமல், மூச்சால் மட்டும் உடம்பை ஏற்றி இறக்கி மிதக்கத் தெரியாதவர் கமராவைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

படங்களால் நன்மையும் உண்டு. 2013இல் இதே நெல்சன் பேயில், சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலாளர் ஸ்டீவ் ஸ்மித் உள்ளூர் நீரடி நீச்சல்காரர்களோடு சேர்ந்து கடல் நத்தைக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். குறித்த நாட்களில் தொண்டர்கள் இறங்கி, கண்டதை எல்லாம் படம் எடுத்து, இடமும் திகதியும் சேர்த்துக் கொடுப்பார்கள். இப்போது அது அவுஸ்திரேலியாவின் வேறு பல கரைகளுக்கும் பரவிவிட்டது. ஆயுள் குறுகிய, ஓர் உணவை நம்பி வாழ்கிற உயிர்கள் ஆகையால் கடல் மாறினால் இவை விரைவில் இடம் மாறும். வெப்பக் கடலுக்குரிய வகைகள் தெற்கே தெற்கே தோன்றுவதை இந்தப் படங்கள்தான் காட்டிக்கொடுக்கின்றன. நான் எடுத்த ஒரு படம் ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக நிற்கிறது என்பது எனக்குப் போதும்.

நூடிபிராங்க் ஒன்றைக் காண நீங்கள் நெல்சன் பேக்கு வரவேண்டும் என்பதில்லை. நீல டிராகன் என்று அழைக்கப்படும் கிளாக்கஸ் என்ற நூடிபிராங்க், திறந்த கடலில் மல்லாந்து மிதந்தபடி, குமிழிபோல் மிதக்கும் கொட்டும் நீல உயிர்களைத் தின்று வாழ்வது. காற்று கரைநோக்கி அடித்தால் கரையொதுங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் ஒதுங்கியது. நீலமும் வெள்ளியுமாக, ஓர் அங்குலம் அளவில், ஈர மணலில் அப்படி ஒன்றைக் கண்டால் கையால் எடுக்கவேண்டாம். தின்ற இரையின் கொட்டும் செல்களை அது சேர்த்து வைத்திருக்கும், கடுமையாகக் கொட்டும். பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். கிட்டக் குந்தியிருந்து அவர்களுக்குக் காட்டுங்கள், ஒரு படம் எடுங்கள், இடத்தையும் திகதியையும் குறித்துவையுங்கள்.